அடிமரத்திலிருந்து தொடங்குங்கள்: சிங்கப்பூர்ப் பேட்டை மரங்களைக் கணக்கெடுத்துப் பராமரிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மரக் கணக்கெடுப்புக்குக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் அண்ணாந்து பார்த்தபடியே நடக்கிறார்கள். இலை, பூ, உயரம் எல்லாம் குறிப்பில் ஏறிவிடும். வேர் மண்ணுக்குள் இறங்கும் அந்த ஒரு முழ உயரம் மட்டும் விடுபட்டுப்போகும். வேரோடு சாயும் மரத்துக்குக் காரணம் பெரும்பாலும் அந்த இடத்திலும் அதற்குக் கீழேயும்தான் இருக்கிறது. 2017 பிப்ரவரி 11ஆம் தேதி பூமலையில், அதாவது சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில், 40 மீட்டர் உயரத் தெம்புசு மரம் ஒன்று வேரோடு சாய்ந்து ஒரு பெண் உயிரிழந்தார். 270 ஆண்டுகளுக்கு மேல் வயதுடைய, மரபுடைமை மரமாகப் போற்றப்பட்ட மரம் அது.

நகர மன்றத்துக்காக நிலவனப்பு வேலை செய்யும் மேற்பார்வையாளர்களுக்கும், கூட்டுரிமை வீடுகளின் நிர்வாகக் குழுவினருக்கும், சொந்தப் பேட்டையின் மரங்களைப் பதிவுசெய்ய முன்வரும் தொண்டூழியர்களுக்கும் இந்த வழிகாட்டி பயன்படும். கணக்கெடுப்பின் நோக்கம் எண்ணிக்கை அல்ல. ஒவ்வொரு மரத்துக்கும் என்ன செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள் செய்ய வேண்டும், அடுத்த ஆண்டு வருகிறவர் எதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்ற மூன்றுக்கும் பதிவில் விடை இருக்க வேண்டும்.

யாருடைய மரம்?

முதல் நாள் வேலை வரைபடத்தோடுதான். சாலையோர மரங்களும் பூங்கா மரங்களும் தேசியப் பூங்காக் கழகத்தின் பொறுப்பு. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்குகளைச் சுற்றியுள்ள பொது இடங்களை நகர மன்றங்கள் பராமரிக்கின்றன. கூட்டுரிமை வீடு, கோயில், தனியார் நிலம் என்றால் அந்தந்த உரிமையாளர். ஒரே நடைபாதையின் இடப்பக்க மரம் ஓர் அமைப்பிடமும் வலப்பக்க மரம் வேறோர் அமைப்பிடமும் இருப்பது இங்கே சாதாரணம். எல்லையை முதலிலேயே கோடு போட்டுக்கொள்ளாவிட்டால் சில மரங்கள் இரண்டு பட்டியலிலும் வரும், சில மரங்கள் எதிலுமே வராது. எல்லையில் நிற்கும் மரத்தை "உறுதிசெய்ய வேண்டும்" என்று குறித்துப் பதிவில் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்த அமைப்பு என்று தெரியாத நிலையில் ஆபத்தான கிளையைக் கண்டால் ஒன்சர்வீஸ் செயலியில் படத்துடன் புகார் அனுப்பலாம்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். மரப் பாதுகாப்பு வட்டாரங்களிலும் காலி நிலத்திலும், தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் அளக்கும்போது சுற்றளவு 1 மீட்டரைத் தாண்டும் மரத்தை தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியின்றி வெட்டக்கூடாது. மீறினால் 50,000 வெள்ளி வரை அபராதம். இந்த வட்டாரங்கள் 1991இல் அறிவிக்கப்பட்டன. ஒன்று தீவின் மையப் பகுதி, மற்றது சாங்கி. உங்கள் இடம் அதற்குள் வருகிறதா என்று தெரியாமல் ரம்பத்தை எடுக்காதீர்கள்.

இடத்தைக் குறிப்பது

கைத்தொலைபேசியின் ஜிபிஎஸ் அடர்ந்த விதானத்தின் கீழும் உயரமான புளோக்குகளுக்கு நடுவிலும் 5 முதல் 10 மீட்டர் வரை பிசகும். சாலையோர மரங்களுக்கிடையே இருப்பதும் கிட்டத்தட்ட அதே இடைவெளிதான். அப்படியானால் பட்ட கிளை உள்ள மரத்தை விட்டுவிட்டு வெட்டும் குழு பக்கத்து மரத்தில் ஏறிவிடும். இது நடக்கக்கூடிய தவறு, நடந்தபின் திருத்த முடியாத தவறும்கூட.

இதற்கு எளிய வழி விளக்குக் கம்ப எண். சிங்கப்பூரில் ஒவ்வொரு தெருவிளக்குக் கம்பத்திலும் எண் இருக்கிறது. "விளக்குக் கம்பம் 27க்கும் 28க்கும் நடுவே, 27லிருந்து இரண்டாவது மரம், நடைபாதைப் பக்கம்" என்று எழுதினால் யாரும் தவறமாட்டார்கள். புளோக்குக்கு அருகில் என்றால் புளோக் எண்ணையும் எந்தப் படிக்கட்டுப் பக்கம் என்பதையும் எழுதுங்கள். வரைபட ஆயத்தொலைவு தேவைப்பட்டால் எஸ்விஒய்21 முறையில் மீட்டர் கணக்கில் வாங்குங்கள். உள்ளூர் நில அளவை வரைபடங்களோடு அது நேரே பொருந்தும்.

மரத்தில் எண் பொருத்துவதானால் அலுமினிய ஆணியைப் பாதி மட்டும் அடித்து, தண்டு பருப்பதற்கு 2 அல்லது 3 செ.மீ. இடம் விடுங்கள். முழுக்க அடித்தால் சில ஆண்டுகளில் பட்டை தகட்டை விழுங்கிவிடும். கம்பியைச் சுற்றிக் கட்டவே கூடாது. அது பட்டைக்குள் இறங்கி மரத்தை நெரிக்கும்.

பெயர்

படிவத்தில் அறிவியல் பெயரை எழுதியே ஆக வேண்டும். தூங்குமூஞ்சி மரம், இயல்வாகை, அல்பீசியா மூன்றையுமே நம்மவர்கள் "வாகை" என்று சொல்லிவிடுவது உண்டு. பராமரிப்பில் மூன்றும் மூன்று விதம். தூங்குமூஞ்சி மரம், அதாவது சமானியா சமான், பெரிய குடைபோல் விரியும். அதில் பக்கக் கிளைகளின் எடையைப் பார்க்க வேண்டும். இயல்வாகை என்பது பெல்டோஃபோரம் டெரோகார்பம், மஞ்சள் பூ. ஃபால்கட்டாரியா பேரினத்தைச் சேர்ந்த அல்பீசியா காலி நிலத்தில் தானாக முளைத்து வேகமாக வளரும். மென்மையான கட்டை, காற்றுக்குச் சட்டென்று ஒடியும். அந்த ஒரு பெயரை மாற்றி எழுதினாலும் ஆபத்து மதிப்பீடே மாறிவிடும்.

வேம்பு, மகிழம், புன்னை, நாட்டு வாதுமை, ஆனைக்குன்றிமணி, அரசு ஆகியவை இங்கே அடிக்கடி கண்ணில் படுபவை. தமிழ்ப் பெயரையும் இன்னொரு பத்தியில் எழுதி வையுங்கள். பேட்டையில் வசிப்பவர்கள் அந்தப் பெயரில்தான் உங்களிடம் பேசுவார்கள்.

அளவுகள்

சுற்றளவை நாடாவால் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் எடுங்கள். சரிவில் நின்றால் மேட்டுப் பக்கத் தரையிலிருந்து கணக்கு. சாய்ந்த மரத்தில் நாடா தண்டுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும், தரைக்கு இணையாக அல்ல. 1.3 மீட்டரில் முடிச்சோ வீக்கமோ இருந்தால் சற்று மேலோ கீழோ அளந்து, எந்த உயரத்தில் அளந்தீர்கள் என்று எழுதுங்கள். பலகைவேர் உள்ள மரத்தில் பலகை முடியும் இடத்துக்கு மேலே. ஆலமரத்தில் விழுதுகளைச் சேர்க்காதீர்கள். 1.3 மீட்டருக்குக் கீழேயே பல தண்டுகளாகப் பிரிந்தால் ஒவ்வொன்றின் விட்டத்தையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள். 30 செ.மீ., 40 செ.மீ. தண்டுகள் இரண்டு என்றால் கணக்குக்கு 50 செ.மீ.

சுற்றளவை 3.14ஆல் வகுத்தால் விட்டம். 240 செ.மீ. சுற்றளவு என்றால் 76 செ.மீ. விட்டம். இந்த எண் பின்னால் இரண்டு இடங்களில் தேவைப்படும். சட்டத் தேவைக்காக அரை மீட்டர் உயரத்துச் சுற்றளவையும் தனிப் பத்தியில் எழுதிக்கொள்ளுங்கள்.

உயரத்துக்குக் கிளினோமீட்டர் என்னும் கோணமானி போதும். சமதளத்தில் மரத்திலிருந்து 20 மீட்டர் தள்ளி நின்று உச்சியைப் பார்க்கிறீர்கள், கோணம் 40 பாகை. அதன் டேன்ஜென்ட் 0.839. 20ஆல் பெருக்கினால் 16.8. உங்கள் கண் உயரம் 1.6 மீட்டரைக் கூட்டினால் 18.4 மீட்டர். அகன்ற விதானமுள்ள தூங்குமூஞ்சியில் பக்கவாட்டுக் கிளை நுனியை உச்சியென்று நினைத்து அளப்பதே வழக்கமான பிழை. சற்று பின்வாங்கி இன்னொரு பக்கத்திலிருந்தும் அளந்தால் தெரிந்துவிடும். விதான அகலத்தை ஒன்றுக்கொன்று குறுக்கான இரு திசைகளில் தரையில் அளந்து சராசரி எடுத்தால் போதுமானது.

வயதை ஊகித்து எழுத வேண்டாம். ஆண்டு முழுதும் மழையும் வெப்பமும் உள்ள இந்த ஊரில் ஆண்டு வளையங்களை நம்ப முடியாது. நட்ட ஆண்டு ஆவணத்தில் இருந்தால் எழுதுங்கள், இல்லையேல் இடத்தைக் காலியாக விடுங்கள்.

அடிமரம்

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். இருவர் கொண்ட குழு ஒரு சாதாரண மரத்துக்கு 5 முதல் 8 நிமிடம் எடுத்தால், அதில் பாதி குனிந்து பார்ப்பதில் போக வேண்டும். கையில் நைலான் தலை கொண்ட சுத்தி, 5 அல்லது 6 மி.மீ. தடிமனுள்ள எஃகுக் கம்பி, சிறு கைக்கொத்து, தொலைநோக்கி, ஒரு விளக்கு இருக்கட்டும். மரத்தைச் சுற்றி முழு வட்டமாக நடங்கள். புதர், வேலி, கால்வாய் தடுத்ததால் ஒரு பக்கம் பார்க்க முடியவில்லை என்றால் அதைப் பதிவில் எழுதுங்கள். பார்க்காத பக்கத்தைப் பார்த்ததுபோல் "நல்ல நிலை" என்று எழுதுவதைவிடத் தீமையான பதிவு வேறில்லை.

நல்ல மரம் தரையைத் தொடும் இடத்தில் யானைக் கால்போல் விரியும். தந்திக் கம்பம்போல் நேராக மண்ணில் இறங்கினால் யாரோ மண்ணோ மரத்துண்டுச் சருகோ கொட்டி அடியை மூடியிருக்கிறார்கள். மூடிய பட்டை ஈரத்திலேயே கிடந்து அழுகும். புதுவேர்கள் தண்டைச் சுற்றி வளர்ந்து நெரிக்கும். கைக்கொத்தால் மெல்ல விலக்கி, முதல் பெரிய வேர் எத்தனை செ.மீ. ஆழத்தில் இருக்கிறது என்று அளந்து எழுதுங்கள். பூச்செடிப் பாத்தி அமைக்கும்போதும் சருகு பரப்பும்போதும் தண்டைச் சுற்றி ஒரு சாண் இடம் விட்டால் இந்தச் சிக்கலே வராது.

ஒரு பக்கம் மட்டும் விரிவும் மறுபக்கம் தட்டையுமாக இருந்தால் தட்டைப் பக்கத்தில் வேர் இல்லை அல்லது வெட்டப்பட்டிருக்கிறது. கால்வாய்ச் சுவர், நடைபாதை விரிவாக்கம், தொலைத்தொடர்புக் கம்பிக் குழி என்று அருகில் என்ன வேலை நடந்தது எனத் தேடுங்கள். தார் ஒட்டுப் புதிதாக இருந்தால் அந்தத் தேதியை விசாரித்து எழுதுங்கள். வேர் வெட்டப்பட்ட மரம் இரண்டு மூன்று ஆண்டுகள் பச்சையாகவே நிற்கும். இலை மெலியத் தொடங்கும்போது நிலத்தடியில் அழுகல் வெகுதூரம் போயிருக்கும்.

சாய்வுக்கு எதிர்ப்பக்கம் மண்ணில் பிறைவடிவ விரிசலோ மேடோ தெரிந்தால் அன்றைக்கே தகவல் கொடுங்கள், இடத்தைத் தடுப்புக் கட்டி மூடுங்கள். சாய்ந்தே வளர்ந்த மரத்தின் நுனி மீண்டும் நிமிர்ந்திருக்கும். திடீரென்று சாய்ந்த மரத்தில் நுனியும் தண்டும் ஒரே கோடாகச் சாய்ந்திருக்கும். பழைய சாய்வா புதிய சாய்வா என்று பிரித்தறிய இது நல்ல அடையாளம்.

தட்டுக்காளான்களைத் தேடுங்கள். வேரடியில் செம்பழுப்பு விசிறியாக, ஓரம் வெள்ளையாக, கீழே கோகோ தூள்போல் வித்துத்தூள் படிந்திருந்தால் கானோடெர்மாவாக இருக்க வாய்ப்பு அதிகம். வேரின்மேல் மண்ணும் கல்லும் ஒட்டிய பழுப்புக் காலுறைபோன்ற படலம் இருந்தால் அது ஃபெலினஸ் நாக்சியஸ் உண்டாக்கும் பழுப்பு வேரழுகல் நோயாக இருக்கலாம். வேரோடு வேர் தொட்டால் பக்கத்து மரத்துக்கும் பரவும் நோய் அது. எனவே அந்த வரிசை முழுவதையும் பாருங்கள், கருவிகளைச் சுத்தம் செய்யுங்கள். காளானைப் பிய்த்தெறிவதால் நோய் போகாது, அடுத்து வருபவருக்கு அடையாளம்தான் போகும்.

பிறகு சுத்தியால் தட்டுங்கள். இடுப்பு உயரத்திலிருந்து கீழே வந்து பெரிய வேர்கள் வரை, கையளவு இடைவெளியில். நல்ல கட்டை "டொக்" என்று கெட்டியாக ஒலிக்கும். உள்ளே உளுத்திருந்தால் மத்தளம்போல் அதிரும். பட்டை மட்டும் பிரிந்திருந்தாலும் வெற்றொலி வரும், அதனால் இரண்டு மூன்று இடத்தில் ஒப்பிட்டே முடிவெடுங்கள். பொந்து திறந்திருந்தால் கம்பியை விட்டு ஆழம் பாருங்கள். கறையான் மண்கோடு இருந்தால் எந்த உயரம் வரை ஏறியிருக்கிறது என்று எழுதுங்கள்.

இந்த ஊரில் பொந்துக்கு இன்னொரு கவலையும் உண்டு. மழைநீர் தேங்கினால் ஏடிஸ் கொசு அங்கே முட்டையிடும். பதிவில் "நீர் தேங்கும் பொந்து" என்று தனிக் குறியீடு வைத்துக் கொசுக் கட்டுப்பாட்டுக் குழுவுக்கு அனுப்புங்கள். சிமெண்டு அடைப்பது பழைய வழக்கம். மரம் காற்றில் அசையும், சிமெண்டு அசையாது. இடையில் ஈரம் தங்கி அழுகல் கூடும். நீர் வடியத் துளை போடுவதும் தவறு. மரம் அழுகலைத் தடுக்க உள்ளே கட்டிய சுவரை அந்தத் துளை உடைத்துவிடும்.

அரச மரத்தடியிலும் வேப்ப மரத்தடியிலும் விளக்கேற்றுவதும் ஊதுபத்தி வைப்பதும் நம் வழக்கம். அந்த அன்பால்தான் பல மரங்கள் வெட்டுக்குத் தப்பியிருக்கின்றன. ஆனால் தீ தண்டை ஒட்டியிருந்தால் பட்டை வெந்து அந்த இடத்திலிருந்து அழுகல் தொடங்கும். ஒரு மீட்டர் தள்ளித் தரையில் கல் மேடை அமைத்துத் தரச் சொல்லிப் பேசுங்கள். மரியாதையாகச் சொன்னால் கேட்பார்கள்.

மேலே பார்க்கும்போது

கவட்டையின் வடிவம் முக்கியம். அகன்று, நடுவில் மடிப்பு மேடு தெரிந்தால் உறுதி. இரு தண்டுகளும் நெருங்கி, இடையே பட்டை உள்ளே மடங்கி, பக்கங்களில் காதுபோல் புடைத்திருந்தால் அது பிளக்கக்கூடிய இடம். முன்பு தலையை மொட்டையடித்து வெட்டிய மரங்களில் வெட்டின் விளிம்பிலிருந்து நீர்ப்போத்துகள் எனப்படும் புதுத்துளிர்கள் கிளம்பி இப்போது பெரிய கிளைகளாக நிற்கும். அவை மேலோட்டமாக ஒட்டியவை. 1960களின் இறுதியிலிருந்து உடனடி நிழலுக்காகப் பெரிய போத்துகளாக (வெட்டி எடுத்த தண்டுகளாக) நடப்பட்ட அங்சானா மரங்களில், போத்து நட்ட உயரத்தில் கிளைகள் ஒரே இடத்திலிருந்து கிளம்பும். அந்த மூட்டைத் தொலைநோக்கியால் பாருங்கள். அங்சானாவுக்கு வாடல் நோயும் உண்டு. மின்னல் தாக்கிய மரத்தில் தொடங்கி அக்கம்பக்கத்துக்குப் பரவக்கூடியது.

பறவைக்கூட்டுப் பெரணி அழகுதான், ஆனால் மழையில் ஊறினால் கனம் பலமடங்கு. பேருந்து நிறுத்தத்தின் மேல் நீண்ட கிளையில் பெரியதொன்று இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

புதியவர்கள் செய்யும் பிழை ஒன்று. நாட்டு வாதுமை ஆண்டுக்கு இருமுறை சிவந்து இலை உதிர்க்கும், இயல்வாகையும் மொட்டையாக நிற்பதுண்டு. அதைப் பார்த்து "பட்டுவிட்டது" என்று எழுதிவிடுகிறார்கள். நுனிக்கிளைப் பட்டையை நகத்தால் சுரண்டிப் பச்சை தெரிகிறதா என்று பாருங்கள், நான்கு வாரம் கழித்து மீண்டும் வாருங்கள்.

ஆபத்தைத் தரம் பிரிப்பது

மூன்று கேள்விகள். எந்தப் பகுதி உடையக்கூடும், எவ்வளவு விரைவில்? விழுந்தால் அங்கே ஆள் இருக்க வாய்ப்பு எவ்வளவு? அடிபட்டால் விளைவு என்ன? ஒரே அளவு சொத்தை, ஆள் நடமாட்டமில்லாத மேட்டுப் புல்தரையில் இருந்தால் கண்காணித்தால் போதும். உணவங்காடி நிலையத்தின் வாசலிலோ விளையாட்டு இடத்திலோ இருந்தால் இந்த வாரமே வேலை. காலை 7 மணிக்குப் பள்ளிப் பிள்ளைகள் நிரம்பும் பேருந்து நிறுத்தம் மதியம் 2 மணிக்குக் காலியாக இருக்கும். நீங்கள் போன நேரத்தை வைத்து நடமாட்டத்தை மதிப்பிடாதீர்கள்.

படிவத்தில் நான்கு நிலை போதும்: உடனடி, ஒரு மாதத்துக்குள், ஆறு மாதத்துக்குள், அடுத்த சுற்றில். ஒவ்வொன்றுக்கும் எதிரே தேதியும் பொறுப்பாளரும் இருக்க வேண்டும்.

சந்தேகம் தீராத மரத்தைச் சான்றிதழ் பெற்ற மர வல்லுநரிடம் அனுப்புங்கள். தண்டைச் சுற்றி உணரிகள் பொருத்தி ஒலி பாயும் வேகத்தை அளக்கும் ஒலி டோமோகிராஃப் உள்ளழுகலின் படத்தைத் தரும். ஆனால் உள்விரிசலையும் அது பொந்துபோல் காட்டிவிடும். அதனால் மெல்லிய ஊசித் துளைக் கருவியால் ஓரிரு இடங்களில் சரிபார்ப்பார்கள். பொந்தைச் சுற்றி எஞ்சியிருக்கும் நல்ல கட்டைச் சுவரின் தடிமன் ஆரத்தில் 0.3 பங்குக்குக் கீழே போனால் கவலைக்குரியது என்பது பரவலான கைக்கணக்கு. 76 செ.மீ. விட்டத்துக்கு ஆரம் 38, அதாவது ஏறக்குறைய 11 செ.மீ. சுவர் வேண்டும். பொந்து ஒரு பக்கம் திறந்திருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. வேருக்கும் இது எதையும் சொல்லாது. வேரின் பிடிப்பை அறிய இழுவைச் சோதனை இருக்கிறது. மரத்தைக் கயிற்றால் அளவோடு இழுத்து, அடிமரம் 0.25 பாகைக்கு மேல் சாயாமல் பார்த்துக்கொண்டு கணக்கிடுவார்கள்.

கிளை வெட்டும்போது

பெரிய கிளைக்கு மூன்று வெட்டு. தண்டிலிருந்து ஒன்றரைச் சாண் தள்ளிக் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை. அதற்குச் சற்று வெளியே மேலிருந்து முழுவதும். எஞ்சிய கட்டையைக் கிளையடியில் புடைத்திருக்கும் வளையத்துக்கு வெளியே. முதல் வெட்டைத் தவிர்த்தால் கிளை விழும்போது தண்டின் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும். வளையத்தைச் சேர்த்து வெட்டினால் காயம் மூடாது. நீளக் கட்டை விட்டாலும் மூடாது. காயத்துக்குச் சாயம் பூசத் தேவையில்லை. ஒரே முறையில் விதானத்தில் கால் பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். மொட்டையடிப்பது கூடவே கூடாது. 3 மீட்டருக்கு மேல் விழும் அபாயமுள்ள உயர வேலைக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயம். இடி முழங்கினால் வேலையை நிறுத்தி எல்லாரும் இறங்க வேண்டும்.

அருகில் தோண்டும் வேலை வந்தால் விட்டத்தைப் போல் 12 மடங்கு ஆரத்துக்கு வேலி போடச் சொல்லுங்கள். நம் 76 செ.மீ. மரத்துக்கு 9.1 மீட்டர். அந்த இடம் கிடைக்காதபோது குறைந்தது கையால் தோண்டி வேரைக் கண்டபின் முடிவெடுக்க வேண்டும். பொக்லைன் இழுத்த வேர் வெட்டுப்படாது, பல மீட்டர் உள்வரை கிழியும்.

காலத்தைத் தேர்ந்தெடுப்பது

சுமத்ரா காற்று ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடியலுக்கு முன்போ காலையிலோ மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேக வீச்சோடு வரும். டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை நாள்கணக்கில் கொட்டி மண்ணை ஊறவைக்கும். முதலாவது கிளைகளை ஒடிக்கும், இரண்டாவது வேரின் பிடியைத் தளர்த்தும். எனவே விதானத்தைப் பார்க்கும் சுற்றை மார்ச்சுக்குள்ளும், அடிமரத்தைப் பார்க்கும் சுற்றை நவம்பருக்குள்ளும் முடித்துவிடுவது நல்லது.

பதிவைச் சரிபார்ப்பதும் பயன்படுத்துவதும்

பத்தில் ஒரு மரத்தை வேறொரு குழு மீண்டும் அளக்கட்டும். சுற்றளவில் 5 செ.மீ.க்கு மேல் வேறுபாடோ, இனப்பெயரில் மாறுபாடோ அடிக்கடி வந்தால் அந்தத் தெருவையே திரும்ப எடுங்கள். ஒவ்வொரு மரத்துக்கும் மூன்று படம்: முழு மரம், அடிமரம், குறை உள்ள இடம். அடுத்த ஆண்டும் அதே இடத்தில் நின்று எடுங்கள்.

பட்டியல் முடிந்ததும் இன வாரியாக எண்ணிப் பாருங்கள். ஒரே இனம் 10 விழுக்காட்டுக்கும், ஒரே பேரினம் 20க்கும், ஒரே குடும்பம் 30க்கும் மேல் போகக்கூடாது என்று அமெரிக்க ஆய்வாளர் ஃபிராங்க் சான்டமூர் 1990இல் ஒரு வரம்பு சொன்னார். ஒரே தெருவில் அதைக் கடைப்பிடிப்பது கடினம். தூங்குமூஞ்சி மரங்கள் கைகோத்து நிற்கும் சாலையின் அழகே ஒரே இனமாக இருப்பதில்தான் இருக்கிறது. பேட்டை முழுவதற்குமாக வைத்துப் பார்த்தால் அடுத்து எதை நடக்கூடாது என்பது தெளிவாகும்.

அகற்றிய மரத்தின் வரியை மட்டும் அழித்துவிடாதீர்கள். நிலையை "அகற்றப்பட்டது" என்று மாற்றி, தேதியும் காரணமும் சேர்த்து, அடிக்கட்டையின் குறுக்குவெட்டை அளவுகோலோடு படமெடுத்து இணையுங்கள். நல்ல சுவர் எத்தனை செ.மீ. மிஞ்சியிருந்தது, எந்த வேர்கள் அழுகியிருந்தன என்று அளந்து, முந்தைய ஆய்வில் சுத்தியொலியும் டோமோகிராஃபும் சொன்னதற்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். அடுத்த முறை அதே இனத்தில் அதே ஒலியைக் கேட்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க அந்த வரி இருக்கும்.